தோம்பும் நினைவும்: சமகால யாழ்ப்பாண ஓவியத் தொகுதியொன்றின் குறியீட்டுப் பொருள்

யாழ்ப்பாணம் என்னும் பெயர்க்குக் காரணங் கூறும் மரபுக்கதை ஒரு காணிக்கதையே ஆகும். சோழநாட்டினின்று வந்த கண்ணொளியிழந்த பாணனொருவன் யாழிசைத்து அரசனை மகிழ்வித்தான் என்றும், பரிசிலாக மணல் செறிந்த நிலப்பகுதியொன்றைப் பெற்றான் என்றும், யாழ்ப்பாணன் பெற்ற நிலமாதலின் அது யாழ்ப்பாணமாயிற்று என்றும் அக்கதை கூறும். அதனை விரித்துரைக்கும் யாழ்ப்பாண வைபவமாலை, மயில்வாகனப் புலவரால் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோட்கிணங்க இயற்றப்பட்டது. கதையின் மெய்ம்மை ஒருபுறமிருக்க, ஒன்று தெளிவாகும். தம் வரலாற்றை நிலத்திலிருந்து தொடங்குவதும், அந்நிலத்தின் செய்தியை ஆளவந்தோர் கேட்க எழுதிக் கொடுப்பதும் இம்மண்ணின் மக்களுக்கு நெடுங்காலம் பழகிய செயல்களாம்.

கேட்போர் எவருமின்றித் தாமே தம் நிலத்தின் செய்தியை எழுதிக்கொள்ள வேண்டிய காலமும் இம்மக்களுக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நிகழ்ந்த பெரும் இடப்பெயர்வுகளே அதற்குக் காரணம். அவ்வெழுத்து ஏட்டில் மட்டும் அமையவில்லை, ஓவியத்திலும் அமைந்தது. ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட தொகுதியொன்று இவ்வகையிற் சிறப்பாக நோக்கற்பாலது. 'த இன்கொம்பிளீற் தோம்பு' என்பது அதன் ஆங்கிலப் பெயர். முற்றுப்பெறாத தோம்பு என்பது அதன் பொருள். அப்பெயரிலுள்ள தோம்பு என்னும் சொல்லை விளங்கிக்கொண்டாலன்றி ஓவியங்களின் குறிப்பும் விளங்காது. ஆதலின் முதற்கண் தோம்பின் வரலாறு கூறப்படும்.

தோம்பின் வரலாறு

1619இல் பிலிப் தெ ஒலிவேறா என்னும் படைத்தலைவன் யாழ்ப்பாண அரசை வென்று போர்த்துக்கேயராட்சியின்கீழ்க் கொணர்ந்தான். சங்கிலி மன்னன் சிறைப்பட்டான். வென்ற நாட்டிலிருந்து வருவாய் பெறுவதற்கு எந்நிலம் எவருடையது, அது தரும் இறை எவ்வளவு என்பன தெரிதல் வேண்டும். இதன்பொருட்டுப் போர்த்துக்கேயர் எழுதிய பதிவேடே தோம்பு எனப்பட்டது. சொல்லும் அவர்களுடையதே. லிஸ்பன் நகரத்துப் புகழ்பெற்ற அரச ஆவணக் காப்பகம் இன்றும் 'தோரே தோ தோம்போ' என வழங்கப்படுகிறது. தோம்போ என்பதற்கு அம்மொழியில் இடறி விழுதல் என்னும் பொருளும் உண்டு. இவ்விரு சொற்களும் பிறப்பால் வேறாயினும் ஒலியால் ஒன்று. ஓர் அரசின் வீழ்ச்சியோடு ஒரு பதிவேடு தொடங்கிய இந்நாட்டில் இவ்வொற்றுமை தற்செயலாயினும் பொருத்தமுடையது.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இம்முறையைக் கைவிட்டாரல்லர், மேலும் விரிவாக்கினர். ஆட்களை எழுதும் தலைத்தோம்பு, காணிகளை எழுதும் நிலத்தோம்பு, ஞானஸ்நானமும் விவாகமும் எழுதும் பாடசாலைத் தோம்பு எனப் பலவகைப் பதிவுகள் அவர் காலத்தில் இருந்தன. தலைவரி இறுப்போர் யாவர், ஊழியஞ் செய்யக் கடமைப்பட்டோர் யாவர் என்பதும் இப்பதிவுகளைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டது. 1707இல் யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக் என்பவர் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டனர். தேசவழமை எனப்படும் அச்சட்டம், முதுசம், சீதனம், தேடியதேட்டம் என ஆதனத்தைப் பகுத்துக் கூறுவது யாவரும் அறிந்ததே.

தோம்பு கூறுவது உடைமையையும் கடமையையும் மட்டுமே. ஒரு வளவின் பரப்பு அதில் உண்டு. அவ்வளவில் நின்ற வேம்பின் நிழல் இல்லை. உடையவன் பெயர் உண்டு. அடுப்படியில் வாழ்நாள் கழித்தவள் கதை இல்லை. அரசுக்கு வேண்டுவதை மட்டும் எழுதிய ஏடு அது.

உறுதியும் வீடும்

ஆங்கிலேயர் காலத்தில் தோம்பின் இடத்தை நொத்தாரிசு எழுதும் உறுதி பெற்றது. யாழ்ப்பாணக் குடும்பத்தில் உறுதிக்குள்ள மதிப்பு மிகப் பெரிது. தகரப்பெட்டியில் நகையோடு நகையாக வைக்கப்படும் பொருள் அது. ஒவ்வொரு காணிக்கும் தனிப்பெயர் உண்டு. அதன் அளவு பரப்புக் கணக்கிற் கூறப்படும். பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். நான்கு எல்லைகளும் அயலவர் பெயராலோ ஒழுங்கையாலோ குறிக்கப்படும். கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் உடன் எழுதப்படும். இவ்வாறு நோக்கின் யாழ்ப்பாணத்து உறுதி ஒருவனுடைய காணியை மட்டும் கூறுவதன்று. அவனைச் சுற்றி வாழ்ந்த நால்வரையும், அவர்களோடு அவன் பகிர்ந்த நீரையும் பாதையையும் அது கூறுகிறது. அயலவர் ஒருங்கே ஊர்விட்டகலின் எல்லைகளும் பெயரிழந்து நிற்கும்.

வீட்டின் அமைப்பும் அவ்வாறே உறவின் அமைப்பாக இருந்தது. நடுவே முற்றத்தை விட்டு நாற்புறமும் தாழ்வாரம் ஓடும் நாற்சார் வீடு, தெருவோரத்துச் சங்கடப்படலை, கிடுகும் பனையோலையும் கொண்டு ஆண்டுதோறும் அடைக்கும் வேலி, பின்வளவுக் கிணறு, அதனருகே வாழை என்பன மரபாக அமைந்தவை. கல்வீடு கட்டியோர் சிலர். மண்வீட்டில் வாழ்ந்தோர் பலர். எவ்வகை வீடாயினும் அதனுள் நடமாடும் முறை, இருக்கும் இடம், விருந்தினரை ஏற்கும் எல்லை என்பன வீட்டாரின் உடலிற் பதிந்த அறிவாக இருந்தன.

பெயர்ந்த ஊர்கள்

1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பர். ஒரு சமூகத்தின் எழுதப்பட்ட நினைவு எவ்வளவு எளிதிற் சாம்பலாகும் என்பதை அவ்விரவு காட்டிற்று. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது பலாலியையும் காங்கேசன்துறையையும் சூழ்ந்த வலிகாமம் வடக்கு ஊர்களினின்று மக்கள் வெளியேறினர். அவ்வூர்கள் பின்னர் உயர் பாதுகாப்பு வலயமாயின.

அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு பணித்தனர். தலைமுறை தலைமுறையாகச் சோனகத் தெருவில் வாழ்ந்தோர் கையிற் சிறு பொருளோடு தெற்கு நோக்கிப் போயினர். பலர் புத்தளத்து முகாம்களில் நெடுங்காலம் வாழ்ந்தனர். சரியாக ஐந்து ஆண்டுகள் கழிந்து, 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவத்தின் ரிவிரெச நடவடிக்கை நகரை நெருங்கியபோது, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணி வழியும் நாவற்குழிப் பாலமும் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். அவ்வெளியேற்றத்தையும் பணித்தவர் புலிகளே. ஒரே திகதியில், ஒரே நகரம், இருமுறை தன் மக்களை இழந்தது. முதன்முறை வெளியேறியோரைப் பார்த்து நின்றோர் இரண்டாம் முறை தாமே வெளியேறினர். இவ்விரு நாள்களையும் சேர்த்து நினையாத யாழ்ப்பாண வரலாறு முழுமையுடையதாகாது.

போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. ஆயினும் காணி பற்றிய வினா முடிவுறவில்லை. 2013 ஏப்பிரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் நிலத்தைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. உரிமையாளரைக் கண்டறிய இயலவில்லை என்பது அவ்வறிவித்தல்களின் கூற்று. அவ்வுரிமையாளருள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தம்மைத் தாமே கண்டறிந்து காட்டினர். ஏட்டுக்குத் தெரியாத மக்கள் இருக்கின்றனர் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

ஓவியரும் தொகுதியும்

யாழ்ப்பாணத்திற் சமகால ஓவியம் திடீரெனத் தோன்றியதன்று. அ. மாற்கு (1933–2000) பல்லாண்டுகள் இளையோர்க்கு ஓவியம் பயிற்றினார். போர்க்கால வாழ்வும் அவரது ஓவியத்திற் புகுந்தது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் அவருடைய ஆக்கங்கள் பல அழிந்துபோயின. ஓவியங்களும் அகதிகளாகலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

1969இற் பிறந்த சனாதனன் டில்லியில் ஓவியக் கல்வி பெற்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கலைவரலாறு கற்பிப்பவர். 2004இல் மீளக் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 'அகம் புறம்' என்னும் கண்காட்சி நடைபெற்றது. அதில் அவர் யாழ்ப்பாணத்து வீடுகளிற் சேகரித்த அன்றாடப் பொருள்களை அரும்பொருட்சாலையில் வைப்பது போல் அடுக்கி வைத்தார். போரினூடே வீட்டார் காத்து வைத்த சிறு பொருள்கள் அவை. வரலாறுகளின் வரலாறு என்னும் பொருள்பட அவ்வாக்கத்துக்குப் பெயரிட்டார். நூல்கள் எரிந்த கட்டடத்தில் பொருள்களே நூல்களாயின.

அதனைத் தொடர்ந்து வந்ததே தோம்பு. இடம்பெயர்ந்த தமிழ்பேசும் மக்கள் எண்பதின்மரிடம், அவர்கள் இழந்த வீட்டின் தளப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தருமாறு ஓவியர் கேட்டார். அவர்கள் கூறிய நினைவுகளும் எழுதப்பட்டன. தொகுதியில் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று படங்கள் அமைந்துள்ளன. முதலாவது, வீட்டார் தம் கையால் வரைந்தது. இரண்டாவது, அதனைக் கட்டடக்கலைஞரின் முறையில் அளவும் ஒழுங்கும் படத் திருத்தி வரைந்தது. மூன்றாவது, பாஸ்டல் எனப்படும் உலர் வண்ணக்கட்டியால் ஓவியர் வரைந்தது. நூல் முழுவதும் அலுவலகக் கோவையின் தோற்றத்தில் அமைந்துள்ளது. ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகத்தார் இதனை வெளியிட்டனர்.

குறியீடுகள்

இத்தொகுதியின் முதற் குறியீடு கோவையே. கச்சேரியிலும் கிராம அலுவலரிடத்தும் பதிவுக்காகக் காத்து நின்ற மக்கள் கோவை என்பதன் அதிகாரத்தை நன்கறிவர். அகதி அட்டை, பங்கீட்டு அட்டை, அடையாள அட்டை, வதிவிடச் சான்று எனத் தாள்களே அவர்களுடைய இருப்பை நிலைநிறுத்தின. அரசின் கோவையில் இடம்பெறாத செய்திக்கு ஓவியர் அதே கோவையின் வடிவைத் தந்தார். மக்களுடைய நினைவும் அரச ஆவணத்துக்கு ஒப்பான ஆவணமே என்பதை அவ்வடிவம் வாய்திறவாது கூறுகின்றது.

இரண்டாவது, கைவரைபடம். பயிலாத கை வரைந்த கோட்டில் அளவு பிழைக்கும். வீட்டின் பெரிய அறை சிறுத்தும், சிறிய மூலையொன்று பெருத்தும் அமையலாம். பிழையெனத் தோன்றும் இதுவே உண்மையின் இருப்பிடம். நினைவு அடிக்கோலால் அளப்பதில்லை. எங்கே வாழ்வு மிகுதியாய் நிகழ்ந்ததோ அங்கே பெருகி நிற்கும். குழந்தை உறங்கிய இடமும், பதுங்கு குழி வெட்டிய மூலையும், சுவாமியறையும் உறுதியில் ஒரு சொல்லும் பெறா. நினைவின் தளப்படத்தில் அவையே நடுவிடம் பெற வல்லன.

மூன்றாவது, கட்டடக்கலைஞரின் படம். இது வீட்டை நேராக்குகிறது. சுவர்களுக்குத் தடிப்பும் கதவுகளுக்கு வாயிலும் தருகிறது. இப்படத்தைக் காண்பவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழாமற் போகாது. கட்டப்போகும் வீட்டுக்கே இத்தகைய படம் வரைவது உலக வழக்கு. இங்கோ இழந்த வீட்டுக்கு வரையப்பட்டுள்ளது. ஆதலின் ஒரே படம் சென்றதற்குச் சாட்சியாகவும் வருவதற்கு விண்ணப்பமாகவும் நிற்கிறது. இழப்பும் விருப்பும் ஒரே கோட்டிற் கலந்தமை இதன் சிறப்பு.

நான்காவது, வண்ணக்கட்டி. எண்ணெய் வண்ணம் துணியைப் பற்றி இறுகிப்போகும். உலர் வண்ணமோ தாளின்மேற் படிந்த தூளேயாம். கை பட்டாற் கலையும். காற்றிற் சிறிது உதிரும். பாதுகாவாத உலர் வண்ண ஓவியம் தன் இயல்பாலேயே அழியத்தக்கது. வீடு இடிந்து புழுதியானதைக் கூறுவதற்குப் புழுதியை ஒத்த பொருளையே ஓவியர் கருவியாகக் கொண்டமை கருதத்தக்கது. இவ்விடத்தில் குறியீடு வரையப்பட்ட உருவத்தில் மட்டுமன்றி, வரைந்த பொருளிலும் அமைந்துள்ளது.

ஐந்தாவது, முற்றுப்பெறாத என்னும் அடைமொழி. எண்பது வீடுகள் எங்கே, இழந்த வீடுகளின் தொகை எங்கே! எத்துணைப் பக்கம் சேர்த்தாலும் இத்தோம்பு முடிவுறாது. அரசின் தோம்பு முடிவுற்றதாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும்; எழுதப்படாதவன் இல்லாதவன் எனக் கூறும். தான் முற்றுப்பெறவில்லை என முகப்பிலேயே ஒத்துக்கொள்ளும் தோம்போ எழுதப்படாதவனுக்கும் இடம் விட்டு வைக்கிறது.

அகமும் புறமும்

பேரழிவைக் கூறும் ஓவியங்களுள் உலகறிந்தது பிக்காசோவின் குவேர்ணிக்கா ஆகும். 1937 ஏப்பிரல் 26ஆம் திகதி ஸ்பெயின் நாட்டுக் குவேர்ணிக்கா நகரம் விமானக் குண்டுகளால் அழிக்கப்பட்டது. சில வாரங்களுள் வரையப்பட்ட அவ்வோவியம் ஏறத்தாழ எட்டு மீற்றர் அகலமுடையது. காளையும், அலறும் குதிரையும், இறந்த குழவியை ஏந்திய தாயும், விளக்கேந்திய கையும் அதிற் குறியீடாக அமைந்துள்ளன. அழிவு நிகழும் கணத்தை அது உரத்த குரலிற் கூறுகின்றது.

தோம்பின் நெறி இதற்கு மாறானது. குவேர்ணிக்காவைப் பொதுமக்கள் திரள்திரளாக நின்று காண்பர். தோம்பை ஒருவர் மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். முன்னது அழித்தவனை நோக்கி எழுந்த குரல். பின்னது இழந்தவன் தனக்குள் பேசும் பேச்சு. தமிழிலக்கண மரபிற் கூறின், முன்னது புறம், பின்னது அகம். அகப்பாடலில் மலையும் மரமும் பறவையும் ஆகிய கருப்பொருள்கள், சொல்லாது நின்ற உள்ளப் பொருளை உள்ளுறையாகத் தாங்கும். தோம்பில் கிணறும் படலையும் முற்றமும் அத்தொழிலைச் செய்யவல்லன. பாலைக்கெனத் தனிநிலம் இல்லை, வளமான நிலம் வெம்மையால் வாடிய நிலையே பாலை என்பது பண்டையோர் கொள்கை. பாலைக்குரிய ஒழுக்கம் பிரிவு. செம்மண் தோட்டங்கள் பற்றையான வலிகாமம் வடக்கை அறிந்தோர்க்கு இக்கொள்கை வெறும் ஏட்டிலக்கணமாகத் தோன்றாது.

ஓர் ஐயம்

நினைவு தவறுமே, அதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமோ எனச் சிலர் ஐயுறுவர். இவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. இழந்த வீடு நினைவில் அழகு கூடித் தோன்றும்; அங்கிருந்த பூசலும் வறுமையும் மறக்கப்படும். வேலிச் சண்டையும் எல்லை வழக்கும் மிகுந்திருந்த நாட்டில், வேலியே ஏக்கத்தின் குறியீடாக மாறுவது கவனிக்கத்தக்கது. ஆயினும் தோம்பும் உறுதியும் பிழையற்றவையோ எனில், அல்ல. வென்றவன் தன் வருவாய்க்காக எழுதியது ஒன்று. உடைமையுள்ளோர்க்காக எழுதப்பட்டது மற்றொன்று. யாழ்ப்பாணத்தில் பிறர் காணியில் குடியிருந்து, தலைமுறைகளாக உழைத்தும் ஓர் உறுதியும் பெறாத மக்கள் இருந்தனர். குறைந்ததெனத் தள்ளப்பட்ட சாதியினர் அவருட் பலர். அவர்களும் ஓடினர், அவர்கள் குடிசைகளும் எரிந்தன. உறுதியைச் சான்றாகக் கேட்பின் அவர்கள் இழந்தது ஒன்றுமில்லை என முடியும். நினைவின் தோம்பிற் சேர்வதற்கோ உறுதி வேண்டியதில்லை. ஒருகாலத்தில் அவ்விடத்தில் உறங்கி எழுந்திருத்தல் போதும். ஆதலின் ஆவணத்தை நினைவாலும், நினைவை ஆவணத்தாலும் சோதித்துக் கொள்வதே வரலாற்று மாணவர்க்குரிய நெறியாகும்.

முடிவுரை

2015க்குப் பின்னர் வலிகாமம் வடக்குக் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. திரும்பிச் சென்றோர் பலர் கண்டது தம் வீட்டையன்று. பல இடங்களில் கட்டடங்கள் தரைமட்டமாக்கப்பட்டிருந்தன. பற்றைக்குள் கிணறு ஒன்று தென்படின், அதிலிருந்து இத்தனை அடி அடுப்படி, இத்தனை அடி முற்றம் என நினைவைக் கொண்டே வீட்டை அளக்க வேண்டியதாயிற்று. ஓவியர் தாளிற் செய்வித்ததை மக்கள் மண்ணிற் செய்தனர்.

அவ்வாறு அளக்கவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். 1990இல் முப்பது வயதினராய் ஊர்விட்டோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். அவ்வூர்களைக் கண்ணாற் காணாத தலைமுறை பள்ளிகளிற் பயில்கின்றது. மாணவர் ஒருவர் தம் பாட்டனாரிடமோ பேத்தியாரிடமோ ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, விட்டு வந்த வீட்டை வரைந்து காட்டும்படி கேட்பாராயின், முற்றுப்பெறாத தோம்பில் மேலும் ஒரு பக்கம் சேரும். கை நடுங்கிக் கோடு கோணலாய் அமையினும் அதனை நேராக்க வேண்டியதில்லை. கீழே ஊர்ப்பெயரும் காணிப்பெயரும் திகதியும் இட்டு வைத்தாற் போதும்.